லொமேயின் 1,500 குறுந்தொழில்கள்: டோகோ பயிற்சி ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகர் லொமே. அங்கே 2014 ஏப்ரலில் ஆயிரம் குறுந்தொழில் உரிமையாளர்களை வகுப்பறைக்கு அழைத்தார்கள். அவர்களில் 500 பேருக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல், ஆள் நிர்வாகம் என்று வழக்கமான வணிகப் பாடம். மற்ற 500 பேருக்கு உளவியலிலிருந்து வந்த ‘தன்முனைப்பு’ப் பயிற்சி: பிறர் சொல்லாமலே தானாகத் தொடங்குவது, நாளைக்கு வரப்போவதை இன்றே கணிப்பது, தடை வந்தால் விட்டுவிடாமல் சுற்றிப்போவது. இன்னொரு 500 பேர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டவர்கள்.

இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை போய்க் கேட்டதில் கிடைத்த கணக்கு இது: பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டால், வழக்கமான பாடம் படித்தவர்களின் லாபம் 11 சதவீதம் கூடுதல்; உளவியல் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடுதல். முன்னது புள்ளியியல்படி பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. பின்னது தெளிவாகப் பிரிந்து நின்றது. 2017 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் கட்டுரை வந்தது. பிரான்சிஸ்கோ காம்போஸ், மைக்கேல் ஃப்ரேசெ, மார்கஸ் கோல்ட்ஸ்டைன், லியோனார்டோ யாகோவோனே, ஹிலரி ஜான்சன், டேவிட் மெக்கென்ஸி, மோனா மென்ஸ்மன் என்று ஏழு பேர் சேர்ந்து எழுதியது. பொருளாதார அறிஞர்களும் உளவியலாளர்களும் சேர்ந்த கூட்டணி. பெரும்பாலோர் உலக வங்கிக்காரர்கள்.

“கணக்குப் பாடம் வீண், மனப்பாங்கை மாற்றினால் போதும்” என்று இந்த ஆய்வைச் சுருக்கிவிடுவது எளிது. தரவு அவ்வளவு தூரம் போகவில்லை. எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது, இதை வேறோர் ஊரில் நடத்த நினைப்பவர் எங்கே சறுக்குவார் என்று பார்ப்போம்.

ஊரும் ஆட்களும்

லொமே கானா எல்லையை ஒட்டியே இருக்கிற நகரம். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அஃப்லாவோ. ஆழ்கடல் துறைமுகம் இருக்கிறது. நாணயம் சிஃபா பிராங்க், யூரோவோடு 655.957 என்ற விகிதத்தில் கட்டப்பட்டது. எல்லை தாண்டினால் கானாவின் நாணயமான ‘செடி’, அதன் மதிப்பு ஏறும் இறங்கும். செடி விழுந்தால் அஃப்லாவோ பக்கத்துச் சரக்கு மலிவாகிவிடும். லொமே வியாபாரியின் விலையும் லாபமும் அதோடு ஆடும்.

வணிகத்தில் பெண்களின் கை ஓங்கிய ஊர் இது. 1970களில் டச்சு மெழுகுத்துணி மொத்த வியாபாரத்தைப் பிடித்து வைத்திருந்த பெண்களை ‘நானா பென்ஸ்’ என்றார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் போகுமளவுக்குச் சம்பாதித்தவர்கள். 1994 ஜனவரியில் சிஃபா பிராங்கின் மதிப்பு ஒரே அறிவிப்பில் பாதியானது. பிறகு சீனத்து அச்சுத்துணி வந்தது. இரண்டுமாகச் சேர்ந்து அந்த வணிகத்தை உலுக்கின. 2013 ஜனவரியில் லொமேயின் பெரிய சந்தைக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஆய்வின் அடிப்படைக் கணக்கெடுப்பு நடந்தது அதே ஆண்டு பிற்பகுதியில். ஆய்வுக்குள் வந்தவர்கள் தொழிலே அறியாதவர்களல்ல. அடி வாங்கி, எழுந்து, கடை திறந்து வைத்திருப்பவர்கள்.

ஆய்வில் சேரத் தகுதி இவ்வளவுதான்: குறைந்தது 12 மாதமாகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும், விவசாயமாக இருக்கக்கூடாது, ஆட்கள் 50க்குக் கீழ், முறைப்படி நிறுவனமாகப் பதியாததாக இருக்க வேண்டும். விண்ணப்பித்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிலிருந்து 1,500 பேரை எடுத்தார்கள். பாதிக்குச் சற்று மேல் பெண்கள். சராசரி வயது 41. சராசரியாக மூன்று ஆட்கள். மாத லாபம் சராசரி 94,500 சிஃபா பிராங்க் வாக்கில். ஆய்வாளர்கள் கணக்கில் 173 டாலர். ஏறத்தாழ பாதி வணிகம். மீதி உற்பத்தியும் சேவையும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் தாமாக விண்ணப்பித்தவர்கள். பயிற்சி வேண்டும் என்று வந்தவர்களிடம் கிடைத்த பலன், பிடித்து இழுத்து உட்கார வைத்தவர்களிடமும் கிடைக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அரசுத் திட்டங்களில் இலக்கு எண்ணிக்கையை நிரப்ப ஆள் சேர்ப்பது எங்கும் உள்ள வழக்கம். டோகோவின் 30 சதவீதத்தைக் காட்டி அப்படி ஒரு திட்டத்துக்குப் பணம் கேட்டால், அது வேறு மருந்தின் முடிவைக் காட்டி இன்னொரு மருந்தை விற்பது.

ஒப்பீட்டை எப்படிக் கட்டினார்கள்

ஆய்வின் பலம் மூன்று குழுவாகப் பிரித்ததில் இருக்கிறது. பயிற்சிக்கு ஒன்று, பயிற்சி இல்லாமல் ஒன்று என்று இரண்டே குழு வைத்திருந்தால், “வாரத்துக்கு மூன்று நாள் கடையை விட்டு வெளியே வந்து நாலு பேரோடு பேசினாலே லாபம் கூடும், பாடத்தில் என்ன இருக்கிறது?” என்ற கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது.

இரண்டு பயிற்சிக்கும் நேரம் ஒன்று: மொத்தம் 36 மணி, நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று அரைநாள். அரைநாள் என்பதால் பாதி நாளாவது கடை திறந்திருக்கும். வகுப்பு முடிந்த பிறகு மாதம் ஒரு முறை, நான்கு மாதத்துக்குப் பயிற்றுநர் கடைக்கே வந்து பார்ப்பார். இதுவும் இரண்டு குழுவுக்கும் பொது. செலவும் ஏறத்தாழ ஒன்றே, ஆளுக்கு 750 டாலர். வேறுபட்டது உள்ளடக்கமும் சொல்லித்தரும் முறையும் மட்டும்.

வழக்கமான பாடத்துக்கு எடுத்தது சர்வதேச நிதிக் கழகத்தின் ‘பிசினஸ் எட்ஜ்’. கணக்கு வைப்பது, நிதி நிர்வாகம், சந்தைப்படுத்தல், ஆள் நிர்வாகம், தொழிலைப் பதிவுசெய்வது ஆகியவை அதில் உண்டு. இது சோப்ளாங்கிப் பாடமல்ல, துறையில் பெயர்பெற்றது. தோற்பதற்கென்றே பொறுக்கிய எதிராளி இல்லை என்பதால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு வருகிறது.

ஆனால் இந்த வடிவத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு: கடைக்கு வந்து பார்த்த அந்த நான்கு வருகைகள் இல்லாமல் இருந்தால்? இரண்டு குழுவுக்கும் வருகை இருந்ததால் வருகையின் தனிப் பலனைப் பிரித்தெடுக்க வழியில்லை. செலவைக் குறைக்க நினைக்கிறவர் முதலில் வெட்டுவது இந்த வருகைகளைத்தான். வெட்டிவிட்டு “டோகோ முறை” என்று பெயரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

தன்முனைப்பு என்று எதைச் சொல்லித்தந்தார்கள்

மைக்கேல் ஃப்ரேசெ ஜெர்மன் உளவியலாளர். 1990களில், ஜெர்மனி ஒன்றான பிறகு, கிழக்குப் பகுதித் தொழிலாளர்களையும் மேற்குப் பகுதித் தொழிலாளர்களையும் ஒப்பிட்டு, வேலையில் யார் எவ்வளவு தன்முனைப்பு காட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். அங்கே பிறந்த கருத்தைத்தான் பிறகு ஆப்பிரிக்கத் தொழில்முனைவோரிடம் கொண்டுபோனார். லொமேக்கு முன்பே உகாண்டாவின் கம்பாலாவில் 100 உரிமையாளர்களை வைத்து மூன்றே நாள் பயிற்சியாக அது நடந்தது; விற்பனையும் ஆள் எண்ணிக்கையும் கூடின. அது சிறிய ஆய்வு. லொமே அதன் பெரிய சோதனை.

இதை ஊக்கப் பேச்சு என்று நினைத்தால் தவறு. “உங்களால் முடியும்” என்று மேடையில் கத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இயல்பான குணத்தை மாற்றுவதும் இதன் வேலையல்ல. எடுத்துக்கொள்வது செயல்களை: குறிக்கோள் வைப்பது, தகவல் தேடுவது, திட்டமிடுவது, நடக்கிறதா என்று சரிபார்ப்பது. இந்த ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்வி. இது நீயாக எடுத்ததா, பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்து எடுத்ததா? இன்றைக்கா, ஆறு மாதம் கழித்துமா? தடை வந்தால் மாற்று வழி என்ன?

லொமேயில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்கான கற்பனை ஆள்தான். அங்கே துணியை வாடிக்கையாளரே வாங்கி வருவார், தையற்காரருக்குக் கூலி மட்டும். பண்டிகைக்கு முன் வேலை தாங்காது, மற்ற மாதங்களில் மெஷின் சும்மா கிடக்கும். பழகுநர்கள் உண்டு, கற்றுக்கொள்ள அவர்கள்தான் குருவுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

வழக்கமான பாடம் அவளிடம் சொல்வது: வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியாக வை. நூல், பித்தான், மின்கட்டணம், வாடகை எல்லாவற்றையும் எழுதி ஒரு சட்டைக்கு எவ்வளவு செலவு என்று பார். கூலி அதற்குக் கீழே இருந்தால் ஏற்று. நல்ல அறிவுரை. செலவு கசிவது நிற்கும்.

தன்முனைப்பு வகுப்பு வேறிடத்தில் தொடங்கும். உன் தெருவில் ஏழு தையற்கடை, ஏழும் ஒரே வேலையைச் செய்கின்றன, நீ எட்டாவது. அந்த ஏழு பேரும் செய்யாதது எது? இந்த வாரம் பத்து வாடிக்கையாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வா: துணி வாங்கும்போது என்ன தொல்லை, தைத்தது எப்போது பிடிக்காமல் போனது? கேட்டுவிட்டு வந்தால் அடுத்த வகுப்பில் அதை வைத்துத்தான் பயிற்சி. துணியையும் தானே வாங்கி வைத்து ஆயத்த உடையாக விற்பது என்று அவள் முடிவெடுத்தால், அடுத்த கேள்வி பணம். முதல் சரக்குக்கு முதலீடு எங்கிருந்து? வங்கி தராது என்றால் சேமிப்புச் சீட்டா, மொத்த வியாபாரியிடம் கடனா, வாடிக்கையாளரிடம் முன்பணமா? மூன்றும் அடைபட்டால்? எழுது. ஆறு துண்டு மட்டும் தைத்து விற்றுப்பார். எத்தனை நாளில் விற்கிறது என்பதுதான் உன் அளவுகோல்.

இரண்டாவது முறையில் செலவு கூடும், ஆபத்தும் கூடும். வருமானத்தின் மேல்வரம்பும் உயரும். லொமே முடிவுகளில் தெரிந்ததும் இதுதான். தன்முனைப்புப் பயிற்சி பெற்றவர்கள் புதுப்புதுப் பொருள்களைக் கொண்டுவந்தார்கள், சரக்கு வகையைப் பெருக்கினார்கள், தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். கணக்கு வைப்பது போன்ற நடைமுறைகளிலும் முன்னேறினார்கள். அந்தப் பாடம் அவர்களுக்கு நடக்கவே இல்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஆறு துண்டு விற்ற கணக்கு வேண்டும் என்று தேவை வந்தால் நோட்டுப் புத்தகம் தானாக வரும்போலிருக்கிறது.

பெண்களிடம் வேறுபாடு இன்னும் கூர்மை: தன்முனைப்புப் பயிற்சியால் பெண்கள் நடத்தும் தொழிலின் லாபம் 40 சதவீதம் கூடியது, வழக்கமான பயிற்சியால் 5 சதவீதம். இலங்கையில் சுரேஷ் டி மெல், மெக்கென்ஸி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் பெண் தொழில்முனைவோருக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வணிகப் பாடத்தைக் கொடுத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வரும். ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்கள் நடைமுறைகளை மாற்றினார்கள், லாபம் மட்டும் அசையவில்லை. தெரு முழுக்க ஒரே பொருள் விற்கும்போது, செலவைச் சரியாக எழுதிவைப்பது மட்டும் பெரிய வித்தியாசத்தைத் தராது என்பதே என் கணிப்பு.

லாபத்தை அளப்பது: பாதி ஆய்வு இங்கேதான்

கணக்குப் புத்தகம் இல்லாத கடையில் லாபத்தை எப்படித் தெரிந்துகொள்வது? விற்பனையைக் கேள், செலவுகளை ஒவ்வொன்றாகக் கேள், கழி என்று தோன்றும். இது பெரும்பாலும் தப்பான எண்ணையே தரும். இந்த மாதம் வாங்கிய சரக்கு அடுத்த மாதம் விற்கும்; கழித்தால் இந்த மாதம் நட்டம், அடுத்த மாதம் கொள்ளை லாபம். அதே மூவர் இலங்கைக் குறுந்தொழில்களில் இதையே தனி ஆய்வாக எடுத்து 2009இல் வெளியிட்டார்கள். விற்பனையைச் சுமார் 30 சதவீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்றும், “எல்லாச் செலவும் போகச் சென்ற மாதம் தொழிலில் உங்களுக்கு எவ்வளவு நின்றது?” என்று நேராகக் கேட்பதே மேல் என்றும் அதில் தெரிந்தது. அதன்பிறகு இத்துறையில் இந்த ஒற்றைக் கேள்வியே வழக்கமாகிவிட்டது.

ஊருக்கேற்பக் கேள்வியைத் திருத்தியாக வேண்டும். லொமே மாதிரி இடத்தில் பழகுநர் கட்டிய பணம் வருமானமா? அவருக்குப் போட்ட சாப்பாடு செலவா? வீட்டுக்கு எடுத்துப்போன சரக்கு? இவற்றை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்று கேள்வித்தாளிலேயே எழுதிவைக்காவிட்டால், கேட்கும் ஆளுக்கு ஆள் விடை மாறும். கேட்பவரைக் குழுவாரியாகப் பிரித்தும் அனுப்பக்கூடாது. ஒருவரே பயிற்சி பெற்றவர் எல்லோரையும், இன்னொருவரே பெறாதவர் எல்லோரையும் கேட்டால், கேட்ட விதத்தின் வேறுபாடு பயிற்சியின் பலனாக வேடம் போட்டு வரும்.

இன்னொரு கண்ணி: கணக்குப் பாடம் படித்தவர், படித்த பிறகு லாபத்தைத் துல்லியமாகச் சொல்லத் தொடங்குவார். முன்பு மறந்த செலவையும் கழிப்பார். உண்மையில் லாபம் கூடியும் சொல்லும் எண் இறங்கலாம். இதனால்தான் லாபத்தை மட்டும் நம்பாமல் விற்பனை, ஆள், முதல், புதுப்பொருள் என்று பக்கச் சாட்சிகளையும் பார்க்கிறார்கள். லொமேயில் தன்முனைப்புக் குழுவின் விற்பனை 17 சதவீதம் கூடியது. லாப எண்ணுக்கு அது துணை நிற்கிறது.

அடுத்தது மாதிரி அளவு. குறுந்தொழில் லாபம் ஆளுக்கு ஆள் கன்னாபின்னாவென்று மாறும். திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 100 பேர், பயிற்சிக்குப் பின் ஒரே முறை அளவு என்றால், கண்டுபிடிக்க முடிகிற மிகச்சிறிய விளைவு 60 சதவீதம் வாக்கில் இருக்கும் (80 சதவீத வாய்ப்பு, 5 சதவீதப் பிழை என்ற வழக்கமான அளவில்). லாபத்தை 60 சதவீதம் உயர்த்தும் பயிற்சி எதுவும் உலகில் எளிதில் கிடைக்காது. ஆகவே அப்படி ஓர் ஆய்வு “பலனில்லை” என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. குழுவுக்கு 500 பேர் என்றால் அது 27 சதவீதமாக இறங்கும். பயிற்சிக்கு முன் ஒரு முறையும் பின் நான்கு முறையும் அளந்து, முன் அளவையும் கணக்கில் சேர்த்தால், ஒரே கடையின் லாபம் தவணைக்குத் தவணை 0.5 தொடர்புடன் இருப்பதாகக் கொண்டால், 16 சதவீதம் வரை இறங்கும். லொமே ஆய்வாளர்கள் நான்கு முறை போனதன் பயன் இதுதான்.

11 என்ற எண்ணை என்ன செய்வது

மேலே போட்ட கணக்கை வைத்து இப்போது 11 சதவீதத்தைத் திரும்பப் பாருங்கள். இவ்வளவு பெரிய ஆய்வும் 16 சதவீதத்துக்குக் கீழே உள்ள விளைவை உறுதியாகப் பிடிக்கும் வலையல்ல. 11 என்பது வலையில் விழாத மீன். குளத்தில் மீனே இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

2021இல் மெக்கென்ஸி பல நாட்டுப் பயிற்சி ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். சராசரிப் பலன் விற்பனையில் ஏறத்தாழ 5 சதவீதம், லாபத்தில் 10 சதவீதம். லொமேயின் 11 அதற்கு மிக அருகே இருக்கிறது! ஆகவே லொமே, வழக்கமான பாடம் வீண் என்று நிரூபிக்கவில்லை. வழக்கமான பாடம் அங்கேயும் வழக்கமான அளவுக்கே வேலை செய்திருக்கலாம். கென்யாவில் இதற்கு வலுவான சாட்சி உண்டு. கிராமப்புறச் சந்தைகளில் 3,537 பெண் தொழில்முனைவோரை வைத்து மெக்கென்ஸியும் சுசானா புவெர்ட்டோவும் செய்த ஆய்வில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐந்து நாள் பயிற்சி மூன்று ஆண்டு கழித்து லாபத்தை 15 சதவீதமும் விற்பனையை 18 சதவீதமும் உயர்த்தியிருந்தது. மாதிரி பெரியதாகவும் காத்திருப்பு நீண்டதாகவும் இருந்தால் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே கென்ய ஆய்வு இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தது. பயிற்சி பெற்றவர் பெறாதவரின் வாடிக்கையாளரைத்தானே இழுக்கிறார், மொத்தத்தில் என்ன லாபம்? சந்தைவாரியாகவும் ஒதுக்கீடு செய்து பார்த்ததில், பயிற்சி பெறாத பக்கத்துக் கடைக்காரர்கள் நட்டப்பட்டதாகத் தெரியவில்லை. லொமே ஆய்வு இந்தக் கேள்வியை நேராகச் சோதிக்கும்படி அமைக்கப்பட்டதல்ல. அவ்வளவு பெரிய நகரில் ஆயிரம் பேர் சிதறிக் கிடப்பதால் பக்கவிளைவு சிறிதாகவே இருக்கும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஒரே சந்தையில் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கும் திட்டத்துக்கு லொமே எண் பொருந்தாது.

பலன் வடிந்துபோகும் வழிகள்

கானாவின் அக்ராவில் 160 தையற்காரர்களுக்கு எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் ஆலோசகர்களை ஓராண்டு அனுப்பிப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் சொன்னதைச் செய்தார்கள், லாபம் கூடவில்லை என்று கண்டார்கள், பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள். ஆலோசகர் தரமானவர் என்பது போதாது. சொன்னது அந்த அளவுத் தொழிலுக்குப் பொருந்த வேண்டும்.

நைரோபியின் டண்டோராவில் இளம்பெண் தொழில்முனைவோருக்கு ஒரு பக்கம் வகுப்பு, இன்னொரு பக்கம் அதே பகுதியில் தொழிலில் தேறிய ஒரு பெண்ணின் வழிகாட்டல். வகுப்பு எதுவும் செய்யவில்லை. வழிகாட்டல் லாபத்தைச் சராசரி 20 சதவீதம் உயர்த்தியது. எந்த மொத்த வியாபாரியிடம் மலிவாக வாங்கலாம் என்ற ஒரு தகவலே அதில் பெரும்பங்கு. வழிகாட்டி போனதும் ஓராண்டுக்குள் பலனும் போயிற்று. சரக்கு விலையும் வியாபாரியும் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் நேற்றைய தகவல் இன்றைக்கு உதவாது. லொமேயில் கற்றுத்தந்தது தகவலை அல்ல, தகவலைத் தேடும் பழக்கத்தை. பலன் இரண்டாண்டு நின்றதற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஆனால் அதே தன்முனைப்புப் பயிற்சியை ஜமைக்காவில் நடத்தியபோது, குறுகிய காலத்தில் தெரிந்த பலன் ஓராண்டில் நிற்கவில்லை. அது ஆப்பிரிக்கா அல்ல, சந்தையும் வேறு. அதனால் ஒதுக்கிவிடலாம் என்பது சோம்பேறித்தனம். 30 என்பது ஓர் ஊரில், ஒரு காலத்தில், ஒரு குழு நடத்தியதில் வந்த எண். அடுத்த ஊரில் நடத்துகிறவர் திட்டச் செலவைக் கணக்கிடும்போது 15 என்று வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இதை நடத்தப் போகிறவர் எங்கே சறுக்குவார்

முதல் இடம் பயிற்றுநர். இத்துறையில் பெரும்பாலான பயிற்றுநர்கள் விரிவுரைக்குப் பழகியவர்கள். தன்முனைப்பு வகுப்பில் அவர் அதிகம் பேசினால் பயிற்சி செத்தது. நானாக இருந்தால் ஆள் எடுக்கும்போது நேர்காணல் வைக்க மாட்டேன். அரைமணி நேரம் ஒரு பயிற்சியை நடத்தச் சொல்லி, அவர் பேசிய நிமிடங்களையும் பங்கேற்றவர்கள் பேசிய நிமிடங்களையும் எண்ணுவேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிற்றுநர் பேசினால் அவர் வேண்டாம். ஓடும் திட்டத்திலும் இதே அளவுகோலோடு முன்னறிவிப்பில்லாமல் போய் உட்கார வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே வகுப்பு விரிவுரையாகச் சரியத் தொடங்கும்.

இரண்டாவது, வீட்டுவேலை. 12 அமர்வுகளுக்கு நடுவில் இருக்கும் நாட்கள்தான் உண்மையான பயிற்சிக்களம். முதல் வாரம் சந்தையில் போய்க் கேட்பது, இரண்டாவது வாரம் குறிக்கோளும் முதலீட்டு வழியும், மூன்றாவது வாரம் சிறு அளவில் செய்து பார்ப்பது, நான்காவது வாரம் அதில் கிடைத்த அடியை வைத்துத் திட்டத்தைத் திருத்துவது என்று பிரித்துக்கொள்ளலாம். 36 மணியையும் ஒரே வாரத்தில் அடைத்தால் மண்டப வாடகை மிச்சம். செய்து பார்க்க இடைவெளி இருக்காது. அரசு அலுவலகங்கள் ஒரு வாரத் தங்கும் பயிற்சியை விரும்புவது இந்த மிச்சத்துக்காகத்தான்.

மூன்றாவது, மொழி. லொமேயில் அலுவல் மொழி பிரெஞ்சு, சந்தை மொழி ஏவேயும் மினாவும். பாடப்புத்தகம் ஒரு மொழியில், பேரம் இன்னொரு மொழியில் என்றால், எழுதத் தயங்குகிறவர் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டார். படமும் வாய்மொழிப் பயிற்சியும் கொண்டு நடத்துவது தரத்தைக் குறைப்பதாகாது.

வருகைப்பதிவு லொமேயில் நன்றாகவே இருந்தது, ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வந்தார்கள். கடை திறக்கும் நேரத்துக்கேற்ப அமர்வை வைக்காவிட்டால் இது கிடைக்காது. சந்தை கூடும் நாளில் வகுப்பு வைத்துவிட்டு “ஆர்வமில்லை” என்று அறிக்கை எழுதிய திட்டங்களுக்குப் பஞ்சமில்லை.

750 டாலர் யார் கொடுப்பது

லொமே உரிமையாளரின் மாத லாபம் 173 டாலர் என்றால், பயிற்சிச் செலவு நாலு மாத லாபத்துக்கும் மேல். தன் பையிலிருந்து எவரும் தரமாட்டார். டோகோவில் உலக வங்கி ஆதரவுடன் அரசு நடத்திய தனியார்துறை வளர்ச்சித் திட்டத்தின் பணத்தில்தான் நடந்தது.

தன்முனைப்புப் பயிற்சியால் மாதம் 60 டாலர் வாக்கில் லாபம் கூடியது. 750ஐ வகுத்தால் ஏறத்தாழ ஓராண்டில் முதல் திரும்பிவிடும். முதல் ஆண்டிலேயே செலவு மீண்டுவிடும் என்பதே ஆய்வாளர்களின் கணக்கும். வழக்கமான பயிற்சியின் 11 சதவீதம் உண்மையென்றே கொண்டாலும் மாதம் 22 டாலர்தான். திரும்ப 34 மாதம். ஆனால் அதே பாடத்தை ஆளுக்கு 200 டாலரில் நடத்த முடிந்தால் ஒன்பது மாதத்தில் மீண்டுவிடும். 36 மணி வகுப்பும் நான்கு கடை வருகையும் இல்லாமல் கணக்குப் பாடத்தை மலிவாக்குவது சாத்தியம். தன்முனைப்புப் பயிற்சியை அப்படி மலிவாக்கினால் எது மிஞ்சும் என்று தெரியாமல் இறங்க வேண்டியிருக்கும். திட்டம் வகுப்பவர் எந்தப் பாடம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், தன் கையிலிருக்கும் பணம் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 750க்கு அருகே வந்தால் லொமே முறையை முழுசாக எடுக்கலாம். 200தான் வருமென்றால் ஆள் எண்ணிக்கையை நாலில் ஒன்றாகக் குறைத்து முழுசாக நடத்துவது ஒரு வழி. எண்ணிக்கையைக் குறைக்க அமைச்சகம் ஒப்பாவிட்டால், ஐந்து நாள் கணக்குப் பாடத்தை ஒழுங்காக நடத்தி, பத்து சதவீதத்தை எதிர்பார்ப்பது இன்னொரு வழி.